தராசில் இருந்த ஐம்பத்தொன்று

“பிலிமத்தலாவைப் பித்தளைப் பாத்திரக்கடை 1951ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கடைத் தராசின் முத்திரையே சாட்சி. ஐயமில்லை.”

2014 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஓர் இணைய மன்றத்தில் நான் எழுதிய பதிவு இது. மூன்றே வாக்கியம். இதை வைத்திருப்பதா அழிப்பதா என்று முடிவெடுக்க எனக்குச் சரியாக எழுபது நாள் பிடித்தது. வீடு வாங்குவதற்குக்கூட நானும் கணவரும் அத்தனை நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மன்றத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டிலிருந்து வெளியே போனவர்களும் போகாதவர்களும் ஊர்க்கதை பேசுகிற இடம் அது. டோஹாவிலிருந்து ஒருவர், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருந்த பேக்கரி இன்னும் இருக்கிறதா என்று கேட்பார். டொரொன்டோவிலிருந்து ஒருவர், தான் படித்த காலத்தில் பேராதனைக்குப் போன கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். கண்டியில் இருக்கிற நாங்கள் நாலைந்து பேர் பதில் சொல்வோம். திகதி போட்டுப் பதில் சொல்கிற ஆள் நான் மட்டும்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். மழை பெய்தால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, தண்ணீர் வெட்டினால் எத்தனை மணிக்குத் திரும்ப வந்தது என்று எழுதி வைப்பேன். எங்கள் வீட்டுக் கலண்டர்களை நான் எறிவதில்லை. அலுமாரியின் கீழ்த் தட்டு முழுவதும் அவைதான். புடவைகள் மேல் தட்டில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன.

மன்றத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே யாரோ ஒருவர் என்னை “ஐயா” என்று அழைத்தார். என் புனைபெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. மறுத்து எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டிருந்தது நல்ல கேள்வி. முதலில் அதற்குப் பதில் எழுதுவோம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டேன். பதிலைப் படித்துவிட்டு மூன்று பேர் “நன்றி ஐயா” என்றார்கள். அதன் பிறகு மறுப்பதற்கு நேரம் கடந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக நான் ஐயாதான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபராக இருப்பார், எழுபது வயதுக்குக் குறையாது என்று ஒருவர் ஊகித்து எழுதியிருந்தார். அன்றைக்கு நான் நாற்பத்துமூன்று வயதில், கந்தோரில் கோப்புக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த எழுதுவினைஞர்.

இதில் மிகவும் மகிழ்ந்தவர் என் கணவர். அன்றிலிருந்து வீட்டிலும் எனக்கு அந்தப் பட்டம் வந்துவிட்டது. உப்புக் கூடிய குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து, “ஐயா, இது எந்த ஆண்டு உப்புங்க?” என்று கேட்பார்.

இந்த வருடம் ஜனவரி 18ஆம் திகதி, மன்றத்தை நடத்துகிறவரிடமிருந்து எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. மென்பொருள் பழசாகிவிட்டது, இனிமேல் தாக்குப்பிடிக்காது, மார்ச் 31ஆம் திகதியோடு மன்றத்தைப் பூட்டிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தார். பழைய பதிவுகள் வாசிப்பதற்கு மட்டும் அப்படியே இருக்கும். வேண்டாதவற்றை அவரவர் அதற்குள் அழித்துக்கொள்ளலாம். பழையதைத் திருத்த முடியாது. வைத்திருக்கலாம், அல்லது அழிக்கலாம், அல்லது அதன் கீழே புதிதாக ஏதாவது எழுதலாம். மூன்றே வழி.

மற்றவர்கள் கண்ணீர் வடிக்கிற சின்னப் படங்களைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பி வாங்கினேன்.

ஞாயிறு பின்னேரங்களில் உட்கார்ந்து என் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆயிரத்துச் சொச்சம் இருந்தன. கொப்பியில் மூன்று நிரல்: வைத்திரு, அழி, யோசி. முதல் வாரத்தில் “யோசி” மட்டும் நாலு பக்கம் நீண்டது. ஒரு பதிவில் நான் ரொட்டிக்கு அளவு சொல்லியிருக்கிறேன், துருவிய தேங்காய்ப்பூவை விட்டுவிட்டிருக்கிறேன். அதன்படி செய்து பார்த்த ஒரு பெண் லண்டனிலிருந்து, “ஐயா, நீங்கள் சமையலறைப் பக்கம் போவதில்லை என்று நினைக்கிறேன்” என்று பணிவாக எழுதியிருந்தார். இன்னொரு பதிவு காய்ச்சலோடு எழுதியது. அதில் கண்டி வாவியின் சுற்றளவை எத்தனை அடி என்று காலால் அளந்து போட்டிருக்கிறேன். எதற்கென்று எனக்கே விளங்கவில்லை. யாழ்ப்பாணத்து உறுப்பினர் ஒருவரோடு, ஒரு குறிப்பிட்ட வருடத்துத் தைப்பொங்கலன்று கண்டியில் மழை பெய்ததா என்று பதினேழு பதிவு சண்டை போட்டிருக்கிறேன். மழை பெய்தது. கலண்டரில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதினேழையும் “வைத்திரு” நிரலில் போட்டேன்.

அப்படியே வந்து 2014 ஒக்டோபரில் நின்றேன்.

அந்த வருடம் தீபாவளி புதன்கிழமை வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை ஓர் இட்லிப் பானை வாங்கலாம் என்று பிலிமத்தலாவைக்குப் போயிருந்தேன். கொழும்பு வீதியில் வரிசையாகப் பாத்திரக்கடைகள். அதில் நம் ஆட்கள் நடத்துகிற கடை ஒன்று. பித்தளை, செம்புச் சாமான்களை அங்கே நிறுத்துத்தான் கொடுப்பார்கள். மின்தராசு வந்து பல காலமானாலும், பழைய கைத்தராசை உத்தரத்தில் மாட்டித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். கடைக்காரர் பானையைப் பொதி செய்கிற நேரத்தில் நான் அதன் தண்டைப் பார்த்தேன். முன்பெல்லாம் அளவைப் பரிசோதகர் வந்து, தராசும் படிக்கல்லும் சரியா என்று பார்த்து, சரியென்றால் வருடத்தைக் குறித்து முத்திரை குத்திவிட்டுப் போவார். தண்டில் அப்படிப் பல முத்திரைகள் வரிசையாக இருந்தன. ஆகப் பழையதன் அருகில் 51 என்று இருந்தது.

எனக்கு வந்த மகிழ்ச்சியை விவரிக்க முடியாது. இட்லிப் பானையைக் கடையிலேயே மறந்துவிட்டு பஸ் ஏறினேன், பேராதனைச் சந்தியில் நினைவு வந்து திரும்பிப் போனேன். மறுநாள் மாலை அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதினேன். “ஐயமில்லை” என்று முடித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்தது. மூன்று மொழியிலும் பெயர், கீழே தங்க நிறத்தில் “1951 முதல்”. பிறகு கடைப் பைகளில் வந்தது, சுவர்க் கலண்டரில் வந்தது. என் பதிவைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு முன் அந்த வருடம் எங்கேயும் இல்லை. கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் வலது பக்க ஜன்னலோரம் இடம்பிடித்து, அந்தப் பலகையை ஒருமுறை பார்த்துவிடுவேன். கணவர் பக்கத்தில் இருந்தால், “ஐயாவுடைய கல்வெட்டு வருது” என்பார்.

என்றாலும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். வருடம் சொல்லியிருக்கிற பதிவை “வைத்திரு” நிரலில் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அந்த முத்திரையை நான் படம் எடுத்திருக்கவில்லை. ஆகவே பெப்ரவரி 14ஆம் திகதி, சனிக்கிழமை, கைபேசியையும் பூதக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாக என்னைத் தெரியும், அக்கா என்றுதான் கூப்பிடுவார். எந்தப் பாத்திரம் எடுத்தாலும் மூடி பொருந்துகிறதா என்று நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால் என்னைக் கண்டதும் கொஞ்சம் அயர்ச்சி அடைவார். அன்றைக்கு அயரவில்லை. வாசலுக்கே வந்து வரவேற்றார்.

சித்திரைக்குக் கடைக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது என்றார். வருடப் பிறப்பு முடிந்து நல்ல நேரத்தில் கடை திறக்கிற நாளில் பெரிய விழா. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வருகிறார்கள். அவருடைய தாத்தா அங்கே தொழிலாளர் லயங்களுக்குத் தலையில் பாத்திரம் சுமந்துபோய் விற்றவர். பிறகுதான் இங்கே வந்து கடை போட்டார். முந்நூறு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் குறை என்றார்.

“அக்கா, நீங்க படிச்சவங்க. இன்டர்நெட்ல ஒரு ஐயா எழுதுறாரு, கண்டிக்காரர்தான். அவர எப்படியாவது கண்டுபிடிச்சுத் தாங்க. குத்துவிளக்க அவர்தான் ஏத்தணும்.”

என் வாய் திறந்தது. அவர் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

“இந்த ரோட்டுல எல்லா போர்டுலயும் ஒரு வருஷம் இருக்குக்கா. நம்ம கடைக்குத்தான் இல்லாம இருந்திச்சு. அந்த ஐயா வந்து தராசப் பாத்து, அம்பத்தொண்ணுன்னு சொல்லிட்டாரு. நான் பிளாஸ்டிக் ஒட்டி வச்சிருக்கேன், இருங்க காட்டுறேன்.”

அவர் பின்னால் போனார். கடைக்குள் நானும் அவருடைய அப்பாவும் மட்டும். அப்பா தராசுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து செம்பு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துத் தண்டைப் பார்த்தேன். 51 இருந்தது. நிம்மதியோடு, இந்தத் தராசு வாங்கியபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள் என்று பேச்சுக்குச் சொன்னேன்.

“இதா?” என்று தலையை உயர்த்திப் பார்த்தார். “இது நம்ம தராசு இல்லைங்களே.”

கடுகண்ணாவையில் ஒரு கடையை மூடிச் சாமான்களை விற்றார்களாம். அவருடைய அப்பா போய்த் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கிருந்து நடந்தே வந்தாராம். அதற்கு முன்னால் பக்கத்து மளிகைக்கடைத் தராசை இரவல் வாங்கித்தான் நிறுப்பார்களாம். எவ்வளவு காலம் இரவல் வாங்கினார்கள் என்று கேட்டேன். மளிகைக்கடைக்காரர் முகம் சுளிக்கிற வரைக்கும் என்றார்.

தரையில் எதையாவது பிடித்துக்கொள்ளலாமா என்று தேடினேன். ஒரு குடம்தான் கிடைத்தது.

“இத உங்க மகன்கிட்ட நீங்க சொல்லலீங்களா?”

“அவன் எங்கிட்டக் கேக்கலியே. போர்டு எழுதி மாட்டிட்டு வந்து, அப்பா, நம்ம கடை அம்பத்தொண்ணுல தொறந்ததாம், கம்பியூட்டர்ல வந்திருச்சுன்னான். யாரோ பெரிய ஐயா ஐயமில்லைன்னு எழுதியிருக்காரு. நான் எப்படிங்க இல்லைங்கிறது?”

“உண்மையில எந்த வருஷம்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“எனக்கு எங்க தெரியும்? கடை தொறந்த அன்னிக்குக் குறுக்க மறுக்க ஓடுறேன்னு என்னைத் தூக்கி ஒரு அண்டாவுக்குள்ள உக்கார வச்சிட்டாங்க. அதுக்குள்ள இருந்து பாத்தா வருஷமா தெரியும்?”

மகன் பிளாஸ்டிக் ஒட்டிய தாளோடு வந்தார். என் மூன்று வாக்கியமும் பெரிய எழுத்தில் இருந்தன. “ஐயமில்லை” என்பதை மட்டும் சிவப்பாக்கியிருந்தார்.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும்: சொல்லவில்லை. ஒரு செம்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மூடி இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

கணவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, அழித்துவிடு, மார்ச் 31க்குப் பிறகு யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் பலகை அழியாது. பை அழியாது. பிளாஸ்டிக் ஒட்டிய தாள் நான் போன பிறகும் இருக்கும். பதிவை அழித்தால், அந்த வருடம் எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு ஒருவர் தேடும்போது ஒன்றும் கிடைக்காது. தவறு தங்கிவிடும், தவறு செய்தவள் மட்டும் தப்பித்துவிடுவாள். மற்றவர்கள் ஆதாரம் காட்டாமல் வருடம் சொன்னால் பன்னிரண்டு வருடமாக அவர்களைக் கடித்துக் குதறிய ஆள் நான்.

அப்படியே விட்டுவிடலாம் என்றால், அதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஐயா சொன்னார் என்று எடுத்துக் கையாள்வார்கள். கீழே திருத்தம் எழுதலாம் என்றால், அந்தக் கடைக்காரரின் எழுபத்தைந்து போய்விடும். அதுதான் என்னை உறுத்தியது. வீதியில் எல்லாக் கடைக்கும் ஒரு வருடம் இருந்தது, அவருக்கு இல்லை. நான் கொடுத்தேன். இப்போது முந்நூறு அழைப்பிதழுக்குப் பிறகு திரும்பக் கேட்கப் போகிறேன்.

திரும்பக் கேட்பதற்கு முன், உண்மையான வருடத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: அண்டா. அண்டாவுக்குள் உட்கார்ந்தால் எழுந்து வெளியே வர முடியாத பிள்ளைக்கு என்ன வயது? என் மகளின் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தேன். மாதாமாதம் நிறையும் உயரமும் திகதியோடு எழுதியிருந்தது. என்ன அருமையான ஆவணம்! வரைபடம் போட்டேன். கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அண்டா எவ்வளவு பெரிசுன்னு தெரியாம, பிள்ளை எவ்வளவு பெரிசுன்னு எப்படிங்க ஐயா கண்டுபிடிப்பீங்க?”

அட்டையை மூடி வைத்தேன்.

பெப்ரவரி 28, சனிக்கிழமை, அளவுநாடாவோடு திரும்பப் போனேன். மகன் வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். பெரியவரிடம், அந்த அண்டா எந்த அளவு என்று கேட்டேன். இதோ இந்த அளவு என்று கையை விரித்துக் காட்டினார். நாடாவைப் பிடித்து அளந்தேன். இன்னொருமுறை காட்டச் சொன்னேன். ஒரு முழம் கூடியது. சரி, நீங்கள் பிறந்த வருடத்தையாவது சொல்லுங்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். திகதி தெளிவாக இருந்தது. நான் ஆவலோடு எழுதத் தொடங்கினேன்.

“அத நம்பாதீங்க” என்றார். “என்னையும் என் தம்பியையும் ஒரே நாள்ல கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சாங்க. அட்டைப்படி ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க. அவன் என்னைவிட மூணு வயசு சின்னவன்.”

யோசித்துவிட்டு, “நாலா இருக்கும்” என்றார்.

பேனாவை மூடினேன். இனிமேல் தள்ளிப்போட ஒரு காரணமும் மிச்சமில்லை. வாடிக்கையாளர் போகும் வரை காத்திருந்து, மகனைக் கூப்பிட்டு, அந்த ஐயா கிடைத்துவிட்டார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எங்கே என்று கேட்டார். இங்கே என்றேன். வாசலை எட்டிப் பார்த்தார். மீண்டும் என்னைப் பார்த்தார். இட்லிப் பானை வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், தராசு கடுகண்ணாவையிலிருந்து வந்ததையும் சேர்த்து.

அருகில் இருந்த பாத்திரத்தின் மூடியை எடுத்துத் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“நீங்க மூடியத் திருப்பித் திருப்பிப் பாக்கிறப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும்.”

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“ஏம்பா, பத்து வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே?”

“நீ போர்ட மாட்டிட்டுத்தானேடா சொன்ன. ஆணி அடிச்சதப் பிடுங்கச் சொல்லவா?”

“முந்நூறு பேர் வாறாங்க. இப்ப எழுபத்தஞ்சு யாருக்கு?”

பெரியவர் துடைத்துக்கொண்டிருந்த செம்பைக் கீழே வைத்தார். விரலை மேலே காட்டினார்.

“தராசுக்கு. முத்திரை அதிலதானே குத்தியிருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்லவும் இல்லை. மகன் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி அக்கா, நான் யோசிக்கிறேன், நீங்க போய்ட்டு வாங்க என்றார். அந்தக் குரலில் அக்கா கொஞ்சம் தேய்ந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது இடது பக்கம் உட்கார்ந்தேன், பலகை கண்ணில் படாமலிருக்க. பிறகுதான் யோசித்தேன், கண்டிக்குத் திரும்பும்போது பலகை இடது பக்கம்தான் வரும்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. நானும் மன்றத்தில் ஒன்றும் எழுதவில்லை. அவர் அறியாமல் திருத்தம் போடுவது சரியில்லை, அவர் வேண்டாம் என்றால் போடாமல் விடுவதும் சரியில்லை. மார்ச் 24ஆம் திகதி, செவ்வாய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைபேசிக்குக் கடைக்காரரிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. முந்நூறு அழைப்பிதழிலும் “கடையின்” என்ற சொல்லுக்கு மேல் “கடைத் தராசின்” என்று சின்னச் சீட்டு ஒட்டியிருந்தார். பெயர்ப்பலகையில் தங்க நிறத்து 1951 அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு தராசுப் படம் வரைந்திருந்தது. படங்களின் கீழ் அவர் எழுதியிருந்தது: “இதுக்கு மேல என்னால மாத்த முடியாது அக்கா. வெளக்கேத்த நீங்கதான் வரணும். முன்னாடியே வந்து எல்லாச் சீட்டையும் ஒருக்கா சரிபாத்துத் தாங்க.”

அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தேன். ரொட்டிப் பதிவையும், காய்ச்சலில் வாவியை அளந்த பதிவையும், ஒருவரின் மாமியாரைப் பற்றி நான் அவசரப்பட்டுச் சொன்ன இரண்டு பதிவையும் அழித்தேன். மொத்தம் நான்கு. மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்று விட்டேன், “ஐயமில்லை” உட்பட. மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை, அதன் கீழே என் கடைசிப் பதிவை எழுதினேன்:

“மேலே சொன்னது தவறு. 51 என்பது தராசு முத்திரையின் ஆண்டு. தராசு வேறு கடையிலிருந்து வந்தது. கடை திறந்த ஆண்டு எனக்குத் தெரியாது. பெரியவரிடம் கேட்காமல் இரும்பிடம் கேட்டது என் பிழை. இன்னொன்று: நான் ஐயா இல்லை. வயது ஐம்பத்தைந்து, இரண்டு பிள்ளைகளின் தாய். இதையும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே திருத்தியிருக்க வேண்டும்.”

ஒரு மணி நேரம் கழித்துத் தைப்பொங்கல் மழைக்குச் சண்டை போட்ட யாழ்ப்பாணத்துக்காரர் எழுதினார்: “ஓம் அக்கா, விளங்குது. ஆனால் அந்தப் பொங்கலுக்கு மழை பெய்யேல்லை எண்டதையும் இந்தக் கையோட ஒப்புக்கொண்டால் நல்லது.” மழை பெய்தது. அதற்கும் பதில் எழுதினேன். அது பதினெட்டு.

விழா ஏப்ரல் 16, வியாழக்கிழமை நடந்தது. தராசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு தட்டுக்கும் மாலை போட்டிருந்தார்கள். மாலை ஒரு பக்கம் கனத்ததால் தராசு சாய்ந்தே நின்றது. நேராக்கச் சொல்லி நான் இரண்டுமுறை கேட்டேன். கடைக்காரர் என்னைச் சொந்தக்காரர்களுக்கு, “இவங்கதான் அந்த ஐயா” என்று அறிமுகப்படுத்தினார். ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த ஓர் அம்மா என் புடவையையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கைகூப்பினார். விளக்கேற்றினேன். கணவர் படம் எடுத்தார். திகதி பதியும்படி எடுக்கச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டார்.

பெரியவருடைய தம்பியும் வந்திருந்தார். அடையாள அட்டைப்படி இரட்டையர்கள், பார்வைக்கு அப்படியில்லை. தம்பியைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கடை திறந்த நாளில் அண்டாவுக்குள் உட்கார்ந்திருந்தது அண்ணன் இல்லை, தான்தான் என்றார். அண்ணன் பக்கத்திலிருந்து, இல்லை, உன்னை வைத்தது குடத்துக்கு மேலே என்றார். தம்பி அப்போது பிறந்தே இருக்கவில்லை என்று இன்னொரு உறவினர் சொன்னார். மூன்றையும் கொப்பியில் “யோசி” நிரலில் எழுதிக்கொண்டேன்.

பிலிமத்தலாவைப் பாத்திரக்கடை திறந்த ஆண்டு, தராசு வந்ததற்கு முன் என்பது வரைக்கும் தெரியும். தராசு எந்த ஆண்டில் வந்தது என்று தெரியாது. ஆகவே 1951க்கு முன்னா பின்னா என்பதும் இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.